காற்றாடியை ஊதச் சொல்லும் வைத்தியர்

நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளையை யாழ்ப்பாணத்து வைத்தியரிடம் கூட்டிப்போவது முழுநாள் வேலை. காலைப் படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடல். குறிகட்டுவானில் இறங்கினால் புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று பேருந்து. பிறகு போதனா வைத்தியசாலையில் வரிசை. பின்னேரப் படகைப் பிடிக்கவேண்டும் என்ற பதற்றம் வேறு. இத்தனைக்கும் பிறகு வைத்தியரின் முன்னால் கிடக்கும் கதிரையில் அந்தப் பிள்ளை கைகட்டி அடக்கமாக இருக்கும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். தாய்க்கு முகம் கறுத்துவிடும். "வீட்டில இவன் இப்பிடி இருக்கிறேல்லை டொக்டர்" என்பார்.

தாய் சொல்வதில் பொய் இல்லை. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., உள்ள பிள்ளைகள் பலர் புதிய இடத்தில், புதியவர் ஒருவர் தம்மோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றப் பிள்ளைகளைப் போலவே இருப்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு இதைக் குறிப்பிட்டே சொல்கிறது. வகுப்பறையில் நாற்பதாவது நிமிடத்தில் தலைகாட்டும் தொல்லை, வைத்தியரின் அறையில் பத்து நிமிடத்துக்குள் வெளியே வராது. இரத்தம் எடுத்துப் பார்த்தாலும் தெரியாது. மூளையைப் படம் பிடித்தாலும், ஒரு தனிப் பிள்ளைக்கு இந்த நோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிட முடியாது. இவ்வளவு ஆய்வு நடந்த பிறகும் இதைக் கண்டுபிடிக்கும் பிரதான கருவி சாட்சிதான். பிள்ளையோடு நாள்முழுக்க இருப்பவர்கள் எதைக் கண்டார்கள், அதை எப்படிச் சொன்னார்கள் என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது.

அந்தச் சாட்சியத்துக்கு விதிகள் உண்டு. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்புக் கையேடு கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகளையும், மிகையியக்கத்துக்கும் அவசரப்புத்திக்குமாகச் சேர்த்து 9 அறிகுறிகளையும் தருகிறது. பிள்ளைகளில் ஏதாவது ஒரு தொகுதியில் 6 அறிகுறிகளாவது இருக்கவேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்கவேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். ஒரே இடத்தில் மட்டும் தெரிந்தால் போதாது, வீடு, பாடசாலை போல இரண்டு இடங்களிலாவது தெரியவேண்டும். வீட்டில் மட்டும் குழப்படி, பள்ளிக்கூடத்தில் சாது என்றால் முதலில் வீட்டைப் பார்க்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் மட்டும் என்றால் காதை, கண்ணை, எழுத்தை, வகுப்பைப் பார்க்கவேண்டும்.

இந்த இரண்டு இட நிபந்தனையில் நெடுந்தீவுக்குக் கொழும்பைவிட வசதி அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் நிலம், சில ஆயிரம் பேர். ஒரு பொடியன் வீட்டில் எப்படி, வகுப்பில் எப்படி, கோயிலில் எப்படி, கடற்கரையில் எப்படி என்று ஊரில் பாதிப்பேருக்குத் தெரியும். முருகைக்கல் மதிலில் ஏறி நின்றவனை யார் கண்டார்கள் என்றுகூடக் கேட்டறியலாம். குறைபாடு ஒன்றும் இருக்கிறது. கஷ்டப் பிரதேசம் என்பதால் ஆசிரியர்கள் வருவதும் இடமாற்றம் பெற்றுப் போவதுமாக இருப்பார்கள். பிள்ளையை ஆறு மாதமாவது கவனித்த ஆசிரியர் ஒருவர் எழுதித் தரும் ஒரு பக்கக் குறிப்பு, வைத்தியருக்கு எந்த இயந்திரத்தையும்விட உதவும்.

சரி, மூளைக்குள் என்னதான் வேறுபடுகிறது? 2007-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷாவும் கூட்டாளிகளும் ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் படம் பிடித்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். வளரும் பிள்ளையின் மூளைப் புறணி ஒரு குறிப்பிட்ட வயதுவரை தடித்துப் பிறகு மெல்லியதாகும். அந்த உச்சத்தடிப்பு மற்றப் பிள்ளைகளுக்கு நடுக்கணக்காக ஏழரை வயதில் வந்தது. ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்குப் பத்தரை வயதில் வந்தது. வளர்ச்சியின் ஒழுங்கு ஒன்றுதான், மூன்று ஆண்டு பிந்தியிருந்தது. திட்டமிடுவதற்கும் தன்னை அடக்குவதற்கும் உரிய முன்மூளைப் பகுதிகளில் தாமதம் அதிகம். உடல் அசைவை இயக்கும் பகுதி மட்டும் இவர்களில் சற்று முந்தியே முதிர்ந்திருந்தது. இதை வாசித்தபோது எனக்கு நெடுந்தீவின் வெளிகளில் திரியும் மட்டக்குதிரைகளே நினைவுக்கு வந்தன: கால் முந்திவிட்டது, கடிவாளம் இன்னும் வந்து சேரவில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் பத்து வயதுக்குரிய பொறுமையை எதிர்பார்க்கிறோம். அதன் மூளையின் ஒரு பகுதி இன்னும் ஏழு வயதில் நிற்கிறது.

இது பெரும்பாலும் பிறப்போடு வருவது. இரட்டையர் ஆய்வுகள், பிள்ளைகளிடையே காணும் வேறுபாட்டில் முக்கால் பங்கு அளவுக்குப் பரம்பரையால் விளக்கப்படுகிறது என்கின்றன. அந்த அளவில் இது மனிதரின் உயரத்துக்குக் கிட்ட வருகிறது. உலகம் முழுதும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இருக்கிறது. வளர்ப்புப் பிழை என்று தாயைக் குற்றஞ்சாட்டும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. பெற்றாருக்குக் குழப்பம் தரும் இன்னொன்றும் உண்டு. "போனைக் குடுத்தா மூண்டு மணித்தியாலம் அசையாம இருக்கிறான், அவனுக்கு எப்பிடிக் கவனக்குறைவு?" என்று கேட்பார்கள். கவனம் அவனிடம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்பி அங்கேயே பிடித்து வைத்திருப்பதுதான் முடியவில்லை. டோபமின் என்ற வேதிப்பொருளால் இயங்கும் மூளைச் சுற்றுகள், இப்போது செய்யும் வேலை பிரயோசனமானது என்ற உந்துதலைத் தருகின்றன. நொடிக்கொரு பரிசு கொடுக்கும் விளையாட்டில் அந்த உந்துதல் வெளியிலிருந்தே வந்துவிடுகிறது. பெருக்கல் வாய்ப்பாட்டில் வருவதில்லை.

இது தொலைபேசிக் காலத்து நோயும் அல்ல. ஸ்கொட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-இலேயே கவனம் நிலைக்காத பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் 1902-இல் இதைப் பற்றி விரிவுரை ஆற்றினார். மருந்து கிடைத்தது தற்செயலாக. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்ள்ஸ் பிராட்லி, பரிசோதனைக்குப் பிறகு வரும் தலைவலிக்கு உதவட்டும் என்று பென்சட்ரின் என்ற ஊக்கமருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தலைவலியில் பெரிய மாற்றம் இல்லை. பாடத்தில் மாற்றம் வந்தது. பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்தார்கள். இன்று இலங்கை அரச வைத்தியசாலைகளில் கொடுக்கப்படும் மெதில்பெனிடேட், 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் தயாரித்தது. மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து அது ரிட்டலின் ஆனது.

ஆனால் மருந்துக்குப் போகுமுன் கடக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான். வகுப்பின் முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு, பிராக்குப் பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். காரணங்கள் ஒன்றல்ல. சிலவற்றைத் தவறவிட்டால் ஆபத்து. சிலவற்றைச் சிறு செலவில் திருத்திவிடலாம்.

ஆபத்தானதை முதலில் சொல்கிறேன். வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் வெட்டும், வாயில் நுரை தள்ளும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பிள்ளைப்பருவத்தில் வரும் ஒருவகை வலிப்பில் அப்படி எதுவுமே நடக்காது. வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை வசனத்தின் நடுவில் நின்றுவிடும். கண் ஒரு திக்கில் நிலைக்கும், இமை இலேசாகத் துடிக்கும். ஐந்து, பத்து விநாடியில் எல்லாம் முடிந்து, ஒன்றும் நடவாததுபோல வாசிப்புத் தொடரும். பிள்ளைக்கு அந்த இடைவெளி தெரியாது. ஒரு நாளில் பல பத்துத் தடவை வரலாம். ஆசிரியர் சொன்ன கணக்கில் பாதி அந்த ஓட்டைகளுக்குள் விழுந்துவிடும். பகற்கனவு காணும் பிள்ளையைத் தோளில் தொட்டால் திரும்பும், வலிப்பில் இருக்கும் பிள்ளை திரும்பாது. வீட்டிலும் வகுப்பிலும் கவனிக்கக்கூடிய வித்தியாசம் அதுதான். சந்தேகம் வந்தால் வைத்தியர் ஒரு காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்து, தொடர்ந்து ஊதச் சொல்வார். மூன்று நிமிடம்வரை. வேகமாக மூச்சை வெளியேற்றும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மருந்து எடுக்காத பிள்ளையானால் பெரும்பாலும் அந்த அறையிலேயே, வைத்தியரின் கண்முன்னே, காற்றாடி நிற்கும், கண் நிலைக்கும். மூளையின் மின்பதிவில் விநாடிக்கு மூன்று என்ற தாளத்தில் கூரான அலைகள் வரிசையாக எழும். எவ்வளவு எளிய பரிசோதனை! பிள்ளைக்கோ அது விளையாட்டு. வைத்தியர் இல்லாத இடத்தில் வீட்டில் செய்து பார்க்கிற காரியம் அல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். இந்த வலிப்புக்கு நல்ல மருந்துகள் உண்டு.

காது அடுத்தது. தடிமன் அடிக்கடி வரும் சின்னப் பிள்ளைகளில் செவிப்பறைக்குப் பின்னால் பசைபோன்ற நீர் தங்கிவிடுவது சாதாரணம். நோவு இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை. முன்வாங்கில் இருந்தால் கேட்கும், பின்வாங்கில் இருந்தால் பாதி கேட்கும். பாதி கேட்கிற பிள்ளை முழுநேரமும் கவனித்துக்கொண்டிராது, நீங்களும் நானும்கூட அப்படித்தான். கண்ணும் இதே கதை. பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் குழு இவற்றைப் பார்க்கவேண்டும். பிள்ளை அன்று வராமல் இருந்துவிட்டால் பெற்றார் கேட்டுச் செய்விக்கவேண்டும்.

இரும்புச்சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். டோபமினை மூளை தயாரிக்கும் வேலையில் முதற்படிக்குரிய நொதியத்துக்கு இரும்பு வேண்டும். எரிக் கொனோஃபாலும் கூட்டாளிகளும் பாரிசில் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.டி.எச்.டி. பிள்ளைகளில் பத்தில் எட்டுப்பேருக்கு இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருந்தது. மற்றப் பிள்ளைகளில் பத்தில் இரண்டு பேருக்குத்தான் குறைவு. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காணவில்லை. ஆனாலும் இரத்தசோகையால் சோர்ந்து, எரிச்சலோடு, இரவில் காலை ஆட்டிக்கொண்டு நித்திரை கெடும் ஒரு பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் காலையில் பாணும் தேத்தண்ணியும், மத்தியானச் சோற்றுக்குப் பிறகும் தேத்தண்ணி. தேயிலையின் துவர்ப்பு, உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். முருங்கையிலை வறையும் சாளை மீனும் சாப்பிட்டு உடனே தேத்தண்ணி குடித்தால் பாதிப் பயன் போய்விடும். தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்தால் நிலைமை தலைகீழாகும். இரும்பு மாத்திரையை மட்டும் பரிசோதிக்காமல் வாங்கிக் கொடுக்கக்கூடாது. கூடினால் அதுவும் நஞ்சு.

இரவில் குறட்டை விடும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறோம். மூக்கின் பின்பக்கத்துச் சதையும் தொண்டைச் சதையும் வீங்கி மூச்சு அடைபட, நித்திரை துண்டுதுண்டாகும். பெரியவர்கள் நித்திரை குறைந்தால் தூங்கி வழிவார்கள். பிள்ளைகளோ பெரும்பாலும் எதிர்மாறாகத் துடியாட்டம் ஆடுவார்கள். 2013-இல் 464 பிள்ளைகளோடு வெளியான அமெரிக்க ஆய்வில், அந்தச் சதையை அகற்றிய பிள்ளைகளின் நடத்தையும் நித்திரையும் நன்றாகத் தேறின. கவனத்தை அளந்த சோதனைப் புள்ளிகளில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

மீன்பிடித் தீவு என்பதால் ஈயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. வலையைத் தாழ்த்தக் கட்டும் குண்டுகள் ஈயம். அதை வீட்டு முற்றத்தில் உருக்கி வார்க்கும் இடங்களில், புகையும் தூளும் பிள்ளைகளின் கையில் படிந்து வாய்க்குள் போகும். கொலம்பியாவின் கார்த்தகேனாவில் இப்படி வலைக்குண்டு செய்யும் குடியிருப்புகளின் பிள்ளைகளுடைய இரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஈயம் கவனத்தைக் கெடுக்கும் என்று உலகை நம்பவைத்தவர் ஹேர்பர்ட் நீடில்மன். பொஸ்டன் பக்கத்துப் பிள்ளைகளிடம் விழுந்த பாற்பற்களைச் சேர்த்து, பல்லுக்குள் படிந்த ஈயத்தை அளந்தார். அதே பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களிடம் தனியாகக் கேட்டார். பல்லில் ஈயம் ஏற ஏற, பிராக்குக்காரன், சொன்னதைச் செய்யான், பொறுமையில்லை என்று ஆசிரியர் சொல்வதும் ஏறியது. 1979-இல் அது வெளியானது. பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பதே இன்றைய உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குண்டு வார்க்கும் வேலையைப் பிள்ளைகள் இல்லாத இடத்துக்கு மாற்றுவதும், வேலை முடித்து உடுப்பு மாற்றிக் கைகழுவி வீட்டுக்குள் வருவதும் செலவில்லாத காரியங்கள்.

பிறகு, போர். வடக்கில் இதைச் சொல்லாமல் கவனத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாக இராது. நெடுந்தீவில் ஒவ்வொரு வீட்டுக்கும் 1985 மே 15 குமுதினிப் படகில் நடந்த படுகொலை தெரியும். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இந்தச் சமூகத்தின் மனவடுக்களைப் பற்றி 1998-இலேயே ஒரு முழுநூல் எழுதினார். கிளாடியா கட்டானியும் கூட்டாளிகளும் வடகிழக்கில் 9 முதல் 15 வயதுவரையான 296 தமிழ் மாணவரை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், பத்துப் பேரில் மூன்று பேருக்கு அதிர்ச்சிக்குப் பின்னான மனவடு நோய் இருந்தது. போரும் ஆழிப்பேரலையும் மட்டும் காரணமல்ல, வீட்டுக்குள் விழுந்த அடியும் தகப்பனின் குடியும் சேர்ந்தே அந்தக் கணக்கில் வந்தன. அப்படிப்பட்ட பிள்ளையின் மூளை எப்போதும் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. கதவு அடிபட்டாலும் திடுக்கிடும், வாசல்பக்கமே பார்க்கும், பாடம் காதில் ஏறாது. அறிகுறிப் பட்டியலில் அடையாளம் போட்டால் ஏ.டி.எச்.டி. என்றே வரும். ஆனால் அந்தப் பிள்ளையின் கவனம் வேறொரு வேலையில் முழுதாக இறங்கியிருக்கிறது. போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள்தானே இப்போது வகுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். குடியும் அடியும் 2009-இல் முடிந்துவிடவில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பானது பிறந்தநாள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. அங்கே பாடசாலைச் சேர்ப்பின் எல்லை டிசம்பர் 31. டிசம்பரில் பிறந்து வகுப்பில் மிக இளையவர்களாக இருக்கும் ஆண்பிள்ளைகளுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 சதவீதம் அதிகமாக ஏ.டி.எச்.டி. என்று முடிவு சொல்லப்பட்டிருந்தது. பெண்பிள்ளைகளில் 70 சதவீதம். மூளையில் வித்தியாசம் எதுவுமில்லை. பதினொரு மாத இளமையை நோய் என்று வாசித்திருக்கிறார்கள். இலங்கையில் தரம் 1-க்கு எல்லை ஜனவரி 31-க்குள் ஐந்து வயது நிறைவது. தைப்பொங்கலை ஒட்டிப் பிறந்த பிள்ளை வகுப்பின் கடைக்குட்டி, பெப்ரவரி முதற்கிழமையில் பிறந்தது வகுப்பின் அண்ணன். ஐந்து வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பிள்ளையைக் குழப்படிக்காரன் என்று எழுதுமுன் இடாப்பில் பிறந்த திகதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத பிள்ளை, வாசிப்பு நேரத்தில் மட்டும் சன்னலைப் பார்க்கும். அது வாசிப்புக் குறைபாடு. தைரொயிட் கூடினாலும் உடல் பரபரக்கும். இவை ஒன்றையொன்று விலக்குவதும் இல்லை. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கே இரத்தசோகையும் இருக்கலாம், குறட்டையும் இருக்கலாம்.

இனி மூலிகை. யாழ்ப்பாணத்துத் தாய்மார் பலர் முதலில் கையில் எடுப்பது வல்லாரை. பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி சேர்ந்த வல்லாரைச் சம்பலைச் சோதனைக் காலத்தில் பிள்ளையின் கோப்பையில் வைக்காத வீடு குறைவு. சித்த மருத்துவத்துக்கு இங்கே ஆழமான வேர் உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்துப் பெயரைத் தாங்கிய பரராசசேகரம் என்ற மருத்துவ நூலில் பிள்ளை நோய்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு நடக்கிறது. ஆகவே இதைக் கிராமத்து மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதேநேரம், வல்லாரை நினைவாற்றலைக் கூட்டுமா என்று நடந்த மனிதப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பு, அறிவாற்றலில் உறுதியான முன்னேற்றம் எதையும் காணவில்லை. மனத்தெம்பில் சிறு மாற்றம் மட்டும் தென்பட்டது. வல்லாரை நல்ல கீரை. கீரையாகவே இருக்கட்டும்.

வட இந்தியாவில் பிரமி என்ற பெயர் சில இடங்களில் வல்லாரைக்கும் சில இடங்களில் நீர்ப்பிரமிக்கும் வழங்குகிறது. கடையில் வாங்கும் பொதிக்குள் எது இருக்கிறது என்ற குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. நீர்ப்பிரமியில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டு உழைத்தது. அதன் சாற்றை அவுஸ்திரேலியாவில் 6 முதல் 14 வயதுவரையான ஆண்பிள்ளைகளுக்கு 14 வாரம் கொடுத்துப் பார்த்த பரிசோதனை 2022-இல் வெளியானது. கவனக்குறைவிலும் மிகையியக்கத்திலும் வெற்றுமாத்திரையைவிட மேலாக எதுவும் இல்லை. நித்திரை போன்ற சிலவற்றில் நன்மை தெரிந்தது. மேற்கில் பேர்போன செயிண்ட் ஜோன்ஸ் வோர்ட் செடியை 54 பிள்ளைகளுக்கு எட்டு வாரம் கொடுத்த 2008 ஆய்விலும் வெற்றுமாத்திரையும் மூலிகையும் சமமாகவே நின்றன.

பயனில்லாத கீரையால் கெடுதல் இல்லை. கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. 2004-இல் பொஸ்டன் சுற்றுவட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்தபோது 14-இல் பாரமான உலோகங்கள் இருந்தன, அவற்றில் 13-இல் ஈயம். புத்தி கூர்மையாகட்டும் என்று வாங்கும் சூரணத்தில், புத்தியை மழுக்கும் ஈயம்! நீடில்மன் பாற்பல்லில் தேடியது இதைத்தான். உலோகம் சேரும் பற்பம், செந்தூரம் போன்றவற்றைப் பதிவுபெற்ற சித்த வைத்தியர் பார்த்துச் சொன்னாலொழியப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. பெயர்ச்சீட்டும் தயாரித்தவர் விபரமும் இல்லாத பொட்டலத்தை வீட்டுக்குள்ளேயே எடுக்கக்கூடாது. வசம்பும் அப்படி. சுட்டு இழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவும் வழக்கம் எங்களிடம் உண்டு. அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-இலிருந்து வசம்பை உணவில் சேர்க்கத் தடை. கையில் கட்டும் வசம்பு வளையல் கையிலேயே இருக்கட்டும்.

கொழும்பில் நடந்த ஒரு பரிசோதனையைச் சொன்னால் தீவகத்தாருக்குப் பிடிக்கும். பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் கூட்டாளிகளும், மெதில்பெனிடேட் கொடுத்தும் போதிய பலன் வராத 6 முதல் 12 வயதுவரையான, நூற்றுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகளை எடுத்தார்கள். ஒரு பகுதிக்கு மீனெண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பமிலமும் ஒமேகா 6 கொழுப்பமிலமும் சேர்ந்த உறை, மற்றப் பகுதிக்கு வெற்றுறை. மூன்றாம் மாதத்தில் இரு பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. ஆறாம் மாதத்தில் கவனத்திலும் அவசரப்புத்தியிலும் வித்தியாசம் வெளிப்பட்டது. 2012-இல் வெளியான சிறிய ஆய்வு இது. உலகளாவிய தொகுப்புகள் ஒமேகா 3-இன் பலன் சிறியது என்றும் நிச்சயமற்றது என்றும் சொல்கின்றன. மருந்துக்கு மாற்றாக அதை வைக்கமுடியாது. சூடையும் சாளையும் கரைக்கு வரும் ஊரில் பிள்ளைக்கு மீன் கொடுப்பதற்கு ஆய்வாளரின் அனுமதி தேவையும் இல்லை. நூல் கட்டுவதும் பார்வை பார்ப்பதும் நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைப்பதும் அவரவர் மனத்துக்குரியவை, கிளினிக் திகதி தவறாத வரைக்கும்.

உண்மையான ஏ.டி.எச்.டி.க்கு மெதில்பெனிடேட் பெரும்பாலான பிள்ளைகளில் வேலை செய்கிறது. பசி குறையும், சிலருக்கு நித்திரை பிந்தும், வளர்த்தி சற்று மந்தமாகலாம். அதனால் நிறையும் உயரமும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அமெரிக்காவில் 579 பிள்ளைகளோடு நடந்த பெரிய ஒப்பீட்டில், 14 மாதம் முடிந்தபோது கவனமாக அளந்து கொடுத்த மருந்து முன்னணியில் நின்றது. மூன்றாம் ஆண்டில் சிகிச்சை முறைகளுக்கிடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. மருந்து இன்றைய நாளைச் சீராக்கும், எதிர்காலத்துக்கு உத்தரவாதம் தராது. ஆறு வயதுக்குக் கீழே பெற்றாரைப் பயிற்றுவதே முதற் சிகிச்சை. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. செய்தவுடன் பாராட்டு, நாளைக்கு அல்ல, அந்தக் கணமே. முன்வாங்கில் இருத்துவது. நாற்பது நிமிடப் பாடத்தில் நடுவே ஒருமுறை வெண்கட்டி எடுத்துவர அனுப்புவது. இதற்கு வைத்தியர் தேவையில்லை, ஆசிரியர் போதும். குழப்படி செய்யாமல், சத்தமில்லாமல் பின்வாங்கில் கனவு காணும் பெண்பிள்ளைகளுக்கும் இது தேவைப்படலாம். யாருக்கும் தொல்லை தராததால் அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மருந்து தொடங்கினால் கடலையும் கணக்கில் எடுக்கவேண்டும். சோளகம் பலக்கும் மாதங்களிலும் கார்த்திகை, மார்கழி வாடைக் கொந்தளிப்பிலும் படகு ஓடாத நாட்கள் வரும். கிளினிக் திகதி தப்பும், மாத்திரை முடியும். ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு மெதில்பெனிடேட் நாலு நாள் தவறினால் வகுப்பில் நாலு கடினமான நாட்கள், அவ்வளவுதான். காற்றாடியை ஊதும்போது கண் நிலைத்த பிள்ளைக்கு அப்படியல்ல. வலிப்பு மருந்து திடீரென நின்றால் வலிப்புத் திரும்பும், முன்னைவிடக் கடுமையாகவும் திரும்பலாம். யாழ்ப்பாணத்தில் மருந்துச்சீட்டு எழுதும்போதே படகு ஓடாத நாட்களைச் சொல்லிக் கேட்டு, அந்தப் பிள்ளையின் வீட்டில் இரண்டு கிழமைக்கான மருந்தை மேலதிகமாக எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கவேண்டும்.